கண்ணாடி போட்ட தடுப்பாட்டக்காரர்: ஆல் ஆர்பர், ஒரு நிகழ்வு ஆய்வு

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. அதற்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், சுமார் 170 கிராம் எடை. பனியில் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள். கை தேர்ந்தவர் மட்டையை ஓங்கி அடித்தால் அந்த உறைந்த வட்டு மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் சீறிப் பாயும். ஆல் ஆர்பரின் பிழைப்பு அதன் குறுக்கே போய் விழுவது. பெரும்பாலானோர் தலைக்கவசம்கூட அணியாத காலம் அது. அவரோ மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு விழுந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பார்வை தெளியாது. கழற்றி வைத்துவிட்டு ஆட முடியாது.

தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் அவர் ஆடியவை 626 ஆட்டங்கள். அவற்றில் அடித்த கோல்கள் 12. ஒரு பருவத்துக்கு ஒன்றுகூடச் சரியாகத் தேறாது. பயிற்சியாளராக அவர் பெற்ற வெற்றிகளோ 782. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பை. பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் அடுத்தடுத்து 19 தொடர்களில் வெற்றி. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் இந்த 19-ஐ யாரும் எட்டியதில்லை. பன்னிரண்டு கோல் அடித்த ஒருவர் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அவர் தடுப்பாட்டக்காரராக இருந்தும் நல்ல பயிற்சியாளரானவர் அல்ல. தடுப்பாட்டத்தின் தொழிலறிவையே பயிற்சியாளர் வேலைக்குள் கொண்டுவந்தவர்.

ஆறு அணிகள், நூற்றிருபது இடங்கள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்ற நிக்கல் சுரங்க நகரம் இருக்கிறது. 1932 நவம்பர் 1 அன்று ஆர்பர் அங்கே பிறந்தார். ஜூனியர் ஆட்டத்தை விண்ட்ஸர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணியில் முடித்துக்கொண்டு 1953-இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக என்.எச்.எல்.-இல் காலடி வைத்தார்.

அன்றைய லீக்கை இன்றைய கண்ணால் பார்த்தால் அவருடைய வாழ்க்கை விளங்காது. மொத்தம் ஆறே அணிகள். அணிக்குச் சுமார் இருபது பேர் என்று கணக்கிட்டால் கனடா முழுவதற்கும் நூற்றிருபது வேலைகள். தடுப்பாட்டக்காரர்களுக்கு அதில் முப்பதுக்கும் குறைவு. ஒருவர் காயம்பட்டுப் படுத்தால்தான் இன்னொருவருக்குக் கதவு திறக்கும். வேகமாகச் சறுக்கத் தெரியாத, கோல் அடிக்காத, கண்ணாடி போட்ட ஒருவருக்கு அந்தக் கதவு அடிக்கடி சாத்தப்பட்டது. டெட்ராய்ட்டில் கொஞ்ச காலம், கீழ்நிலை லீக்கில் கொஞ்ச காலம் என்று அலைந்தார். 1958-இல் சிகாகோவுக்குப் போனார், 1961-இல் டொரண்டோவுக்குப் போனார். அங்கும் நிலைக்க விடாமல், டொரண்டோவின் கீழ் இயங்கிய ரோசெஸ்டர் அமெரிக்கன்ஸ் அணிக்கு இறக்கிவிட்டார்கள். அறுபதுகளின் பெரும்பகுதி ரோசெஸ்டரிலேயே கழிந்தது.

போன இடங்களிலெல்லாம் அந்த அணிகள் வென்றுகொண்டிருந்தன. 1954-இல் டெட்ராய்ட், 1961-இல் சிகாகோ, 1962-இலும் 1964-இலும் டொரண்டோ என்று ஆட்டக்காரராக அவர் கணக்கில் நான்கு கோப்பைகள் இருக்கின்றன. 1954-இலும் 1964-இலும் அவர் பங்கு சிறியதுதான். ஆனால் 1961-இல் சிகாகோவிலும் அடுத்த ஆண்டே டொரண்டோவிலும் கோப்பை வாங்கியது தற்செயல் என்று நான் ஒதுக்க மாட்டேன். சிகாகோவில் பாபி ஹல், ஸ்டான் மிகிட்டா போன்றவர்கள் கோல் அடித்தார்கள். பின்னால் யாராவது நின்று அடி வாங்க வேண்டும் அல்லவா? அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்தவர்களில் ஆர்பர் ஒருவர்.

ரோசெஸ்டரில் அவர் வீணாகவில்லை. அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருதை 1965-இல் பெற்றார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி அந்த லீக்கின் சாம்பியன் கோப்பையான கால்டர் கோப்பையை வென்றது. மேலே போகத் துடிக்கும் இருபது வயதுக்காரர்களும், மேலிருந்து இறங்கி வந்த முப்பது வயதுக்காரர்களும் ஒரே அறையில் உடை மாற்றிக்கொள்ளும் இடம் கீழ்நிலை லீக். ஒருவன் ஏன் தேறுகிறான், இன்னொருவன் ஏன் தேறுவதில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

ஒரே ஆண்டில் பயிற்சியாளர், ஆட்டக்காரர்

1967-இல் லீக் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. புதிதாக வந்த செயிண்ட் லூயிஸ் ப்ளூஸ், முப்பத்து நான்கு வயது ஆர்பரை எடுத்துத் தன் முதல் கேப்டனாக்கியது. வயதானவர்களின் அணி அது. கோல் காப்பாளர் கிளென் ஹால் முப்பத்தைந்தைத் தாண்டியவர். முதல் பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் பொறுப்பு ஸ்காட்டி போமன் என்ற இளைஞரிடம் வந்தது. அவர் கேப்டன் ஆர்பரைவிட வயதில் இளையவர். பின்னாளில் லீக்கின் வெற்றிக் கணக்கில் யாரும் நெருங்க முடியாத உயரத்துக்குப் போனவர்.

ப்ளூஸ் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இறுதிச் சுற்றுக்குப் போனது. மூன்று முறையும் ஒரே ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றது. 1968-இல் மாண்ட்ரியாலிடம் தோற்ற நான்கு ஆட்டங்களும் ஒரு கோல் வித்தியாசத்தில் போனவை. 1970-இல் பாஸ்டனின் பாபி ஆர், கூடுதல் நேரத்தில் கோல் அடித்துவிட்டுக் காற்றில் கிடையாகப் பறந்த புகைப்படத்தை ஹாக்கி தெரியாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஆர்பருடையது.

அடுத்த பருவத்தில் போமன், ஆர்பரைப் பயிற்சியாளராக்கினார். ஐம்பது ஆட்டங்கள் நடத்திய பிறகு ஆர்பர் மறுபடியும் உடுப்பை மாட்டிக்கொண்டு தளத்தில் இறங்கினார். போமன் மீண்டும் பயிற்சியாளர் இடத்துக்குத் திரும்பினார். ஒரே பருவத்தில் ஆளும் கையும் ஆளப்படும் கையும் தானேயாக இருந்த அனுபவம் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஆட்டக்காரராக விடைபெற்ற பின் மீண்டும் ப்ளூஸ் பயிற்சியாளரானார். 1972 நவம்பரில் நீக்கப்பட்டார். நாற்பது வயது. பிறகு அட்லாண்டா அணிக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் அது ஒரு சராசரி வாழ்க்கை. விளையாட்டு வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு.

லாங் ஐலேண்ட், 1973

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலேண்டில், யூனியன்டேல் என்ற இடத்தில் நாசோ கொலிசியம் என்ற அரங்கம் கட்டப்பட்டபோது, போட்டி லீக் ஒன்று அதைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக என்.எச்.எல். அவசரமாக உருவாக்கிய அணி நியூயார்க் ஐலேண்டர்ஸ். 1972-73-இல் அது ஆடிய 78 ஆட்டங்களில் 12 வெற்றி, 60 தோல்வி, 6 சமன். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற கணக்கில் முப்பதே புள்ளிகள். லீக் அதுவரை கண்டவற்றிலேயே ஆக மோசமான பருவம்.

பொது மேலாளர் பில் டோரி. எப்போதும் போ-டை கட்டிக்கொண்டு வருபவர். ஐலேண்டர்ஸுக்கு வருவதற்கு முன் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் அணியில் இருந்தார். அந்த அணி ப்ளூஸ் இருந்த அதே பிரிவில் ஆடியது. ஆர்பரை எதிரணிக் கேப்டனாக அவர் பார்த்திருக்கிறார். 1973 கோடையில் டோரி இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வின் முதல் வாய்ப்பில் டெனிஸ் பொட்வின் என்ற பத்தொன்பது வயதுத் தடுப்பாட்டக்காரரை எடுத்தது. அந்த வாய்ப்பைத் தன்னிடம் தந்துவிடும்படி மாண்ட்ரியால் ஆசை காட்டியது, டோரி பிடிகொடுக்கவில்லை. இன்னொன்று, ஆர்பரைப் பயிற்சியாளராக அமர்த்தியது.

முதல் பருவத்தின் முடிவில் புள்ளிப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. 19 வெற்றி, 41 தோல்வி, 18 சமன். தன் பிரிவில் மறுபடியும் கடைசி இடம்தான். ஆனால் ஓர் எண்ணைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு அந்த அணி வாங்கிய கோல்கள் 347. ஆர்பரின் முதல் ஆண்டில் 247. ஒரே பருவத்தில் சரியாக நூறு கோல்கள் குறைந்தன. கோல் அடிக்கத் திறமை வேண்டும், அதை ஓராண்டில் வாங்க முடியாது. கோல் வாங்காமலிருக்க ஒழுங்கு வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்க முடியும். எந்த இடத்தில் நிற்பது, யாரை விடக் கூடாது, பக் தன் பகுதிக்குள் வந்தால் நடுக்காரர் எவ்வளவு ஆழம் இறங்கி வர வேண்டும் என்பதுதான் அந்த ஒழுங்கு. ஆர்பர் முதலில் கை வைத்தது தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில்.

தடுப்பாட்டக்காரர் பின்னோக்கிச் சறுக்குபவர். முன்கள ஆட்டக்காரரின் கண்ணில் கோல் வலையும் அதைக் காக்கும் ஒருவரும்தான் விழுவார்கள். தடுப்பாட்டக்காரருக்கு இருநூறு அடி நீளத் தளமும் அதிலிருக்கும் அத்தனை பேரும் எதிரே விரிந்து கிடப்பார்கள். பக்கைப் பார்த்துக்கொண்டே, பக் இல்லாதவன் எங்கே நழுவுகிறான் என்றும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று செய்வதும் இதே வேலைதான். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ரேடார்’.

பொட்வின் முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான விருதை வாங்கினார். பிறகு 1976, 1978, 1979 என்று மூன்று முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரானார். தடுத்தும் ஆடுவார், கோலும் அடிப்பார், இடித்தும் தள்ளுவார். ஆர்பர் ஆட்டக்காரராகக் கனவிலும் செய்திராதவற்றையெல்லாம் செய்தவர் அவர். தன்னைப் போன்ற இன்னொருவரை உருவாக்க ஆர்பர் முயலவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தான் அறிந்த ஆட்டத்தையே எல்லாருக்கும் ஊட்டப் பார்ப்பது பயிற்சியாளர்களுக்கு வரும் பொதுவான நோய்.

1977 தேர்வில் இதற்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. பதினைந்தாவது வாய்ப்பு டோரியின் கையில் இருந்தது. மைக் பாஸி கோல் அடிப்பார், தற்காப்பு வராது என்று பேர் வாங்கியவர். இன்னொருவர் தற்காப்பில் கெட்டி, கோல் அடிப்பதில் அத்தனை இல்லை. டோரி ஆர்பரைக் கேட்டார். தடுத்து ஆடியே வாழ்ந்த மனிதர் கோல் அடிப்பவரை எடுக்கச் சொன்னார். தடுப்பைத் தன்னால் கற்பிக்க முடியும் என்றார். பாஸி முதல் பருவத்திலேயே 53 கோல்கள் அடித்தார். வாழ்நாளில் 573.

ஏப்ரல் 1975

ஆர்பரின் இரண்டாம் பருவத்தில் ஐலேண்டர்ஸ் 88 புள்ளிகளோடு முதன்முதலாகப் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. முதல் எதிரி நகரத்தின் பழைய செல்வப் பிள்ளையான நியூயார்க் ரேஞ்சர்ஸ். மூன்று ஆட்டத் தொடரில் மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பதினோரு விநாடியில் ஜே.பி. பரிசே கோல் போட்டு முடித்துவிட்டார்.

அடுத்தது பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ். முதல் மூன்று ஆட்டங்களிலும் ஐலேண்டர்ஸ் தோற்றது. ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று பின்தங்கியபின் வென்ற அணி அதற்கு முன் லீக் வரலாற்றிலேயே ஒன்றுதான், 1942-இல் டொரண்டோ. ஆர்பர் கோல் காப்பாளரை மாற்றினார். பில்லி ஸ்மித்தை உட்கார வைத்து, சிக்கோ என்று எல்லாரும் அழைத்த கிளென் ரெஷை இறக்கினார். நான்காவது ஆட்டம் வெற்றி, ஐந்தாவது வெற்றி, ஆறாவது வெற்றி. ஏழாவது ஆட்டம் பிட்ஸ்பர்க்கில். கடைசிப் பகுதியில் எட் வெஸ்ட்ஃபால் அடித்த ஒற்றைக் கோல், 1-0.

நூறு கோலைக் குறைத்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. ஏழாவது ஆட்டத்தை, அடுத்தவர் ஊரில், ஒரே கோலில் வெல்ல வேண்டுமானால் எதிரிக்கு ஒன்றுகூடக் கொடுக்காமலிருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்துடன் நிற்கவில்லை. அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் பிலடெல்பியாவிடமும் 0-3 ஆகி, அங்கிருந்து மூன்று ஆட்டங்களையும் வென்று ஏழாவதுக்கு இழுத்துப் போனார்கள். அதில் தோற்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆக மோசமான அணி என்று பேர் எடுத்தவர்கள் கோப்பைக்கு ஓர் ஆட்டம், ஒரு தொடர் தொலைவில் நின்றார்கள்.

உடையாமல் விட்ட அணி

எந்த நிகழ்வு ஆய்விலும் ஒரு முடிச்சு இருக்கும். இங்கே அது வெற்றிகளில் இல்லை. 1978, 1979 ஆகிய இரு தோல்விகளில் இருக்கிறது.

1977-78-இல் 111 புள்ளிகள். டொரண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் லானி மெக்டொனால்டு கோல் அடித்து வெளியே அனுப்பினார். 1978-79-இல் 116 புள்ளிகள், லீக்கிலேயே முதலிடம், ஆர்பருக்குச் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது. அரையிறுதியில் ரேஞ்சர்ஸிடம் ஆறு ஆட்டங்களில் தோல்வி. அண்டை வீட்டுக்காரனிடம் தோற்ற வலி தனி. பருவம் முழுக்கப் பாயும் புலி, பிளேஆஃபில் பதுங்கும் பூனை என்ற பேச்சு பரவிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் பல நிர்வாகங்கள் பயிற்சியாளரைத் தூக்கும். அல்லது நட்சத்திரங்களில் ஒருவரைப் பலி கொடுக்கும்.

டோரி இரண்டையும் செய்யவில்லை. பொட்வின், பாஸி, பிரையன் ட்ராட்டியே, கிளார்க் கில்லிஸ் என்ற நடுத்தூண்கள் அப்படியே நின்றன. கில்லிஸ் தானாகவே கேப்டன் பொறுப்பைத் துறந்தார். அது பொட்வினிடம் போனது. பிறகு சரியாக இரண்டு சேர்க்கைகள். 1980 பிப்ரவரியில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை வீழ்த்தித் தங்கம் வென்ற அமெரிக்க அணியிலிருந்து கென் மாரோ நேராக லாங் ஐலேண்டுக்கு வந்தார். கோல் அடிக்காத, பேர் எடுக்காத, இடம் தவறாத தடுப்பாட்டக்காரர். ஆர்பரின் சாயல் அவரிடம்தான் இருந்தது என்பேன். மாரோ கிடைத்த துணிவில், மார்ச் 10 அன்று தடுப்பாட்டக்காரர் டேவ் லூயிஸையும், அணியின் முதல் தேர்வான பில்லி ஹாரிஸையும் கொடுத்து, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புட்ச் கோரிங்கை வாங்கினார் டோரி. கோரிங் வந்தபின் பருவத்தின் எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களில் அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

1980 மே 24. நாசோ கொலிசியம். எதிரே பிலடெல்பியா, அந்தப் பருவத்தில் 35 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடிய அணி. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் 4-4 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஐஸ் ஹாக்கியில் ஒருவர் தளத்தில் முக்கால் நிமிடம் போலத்தான் நிற்பார்; மூச்சு வாங்கத் தடுப்பைத் தாண்டி வெளியே வர, அடுத்தவர் குதித்து உள்ளே போவார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மாற்றம் நடக்கும். பயிற்சியாளரின் உண்மையான கைவேலை அதுதான்: இந்த நொடியில் யாரை அனுப்புவது? கோப்பை ஒரு கோல் தொலைவில் இருக்கும்போது பாஸியையும் ட்ராட்டியேயையும் திரும்பத் திரும்ப அனுப்பத்தான் கை அரிக்கும். 7 நிமிடம் 11 விநாடியில் தளத்தில் இருந்தவர்கள் லோர்ன் ஹென்னிங், ஜான் டொனெல்லி, பாப் நிஸ்ட்ரம். மூவரும் உழைப்பாளிகள். ஹென்னிங் பக்கைத் தள்ள, டொனெல்லி வலது பக்கம் கொண்டுபோய்க் குறுக்கே கொடுக்க, நிஸ்ட்ரம் பாய்ந்து வந்து மட்டையால் தொட்டுவிட்டார். கோப்பை.

எத்தனையோ ஆண்டுகள் பெஞ்சின் ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருந்த ஒருவர் நடத்திய அணி அது. மூன்றாம் வரிசைக்காரனுக்கும் தன் முறை வரும் என்று அந்த அணியில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆட்டத்தின் முதல் பகுதியில் ஐலேண்டர்ஸ் அடித்த ஒரு கோல் தெளிவான ஆஃப்சைட், அதாவது எதிரணிப் பகுதிக்குள் பக் முறைப்படி நுழையாமல் அடித்த செல்லாத கோல். கோட்டு நடுவர் அதைத் தவறவிட்டார். பிறகு அவரே ஒப்புக்கொண்டார். பிலடெல்பியாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை.

பத்தொன்பது

1981-இல் இறுதியில் மின்னெசோட்டாவை ஐந்து ஆட்டங்களில் வென்றார்கள். 1982-இல் வான்கூவரை நான்கில். படிக்கும்போது சுலபமாகத் தெரியும். 1982-இல் முதல் சுற்றிலேயே பிட்ஸ்பர்க்கிடம் மூட்டை கட்டியிருப்பார்கள். ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், முடிய ஆறு நிமிடம்கூட இல்லாதபோது 1-3 என்று பின்தங்கியிருந்தார்கள். சமன் செய்த கோலும் கூடுதல் நேர வெற்றிக் கோலும் டொனெல்லியுடையவை.

நான்கில் எனக்குப் பிடித்தது 1983. எட்மண்டன் ஆய்லர்ஸ் அந்தப் பருவத்தில் 424 கோல்கள் குவித்திருந்தது; வேய்ன் கிரெட்ஸ்கி மட்டும் 71. வரப்போகும் காலம் அவர்களுடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இறுதிப் போட்டியின் நான்கு ஆட்டங்களில் அந்த அணி அடித்தவை மொத்தம் ஆறு கோல்கள். கிரெட்ஸ்கிக்கு ஒன்றுகூட இல்லை. பில்லி ஸ்மித் வலையைக் காக்க, பொட்வினும் மாரோவும் மற்றவர்களும் அவருக்கு முன்னால் நின்ற விதம், ஆர்பர் பத்தாண்டுகளாகப் போட்ட அணையின் முழு உயரத்தைக் காட்டியது.

தோற்ற பிறகு ஐலேண்டர்ஸ் அறையைக் கடந்து போன கதையைக் கிரெட்ஸ்கி பலமுறை சொல்லியிருக்கிறார். உள்ளே கூத்தும் கும்மாளமும் இருக்கும் என்று நினைத்துப் போனாராம். வென்றவர்கள் முழங்காலிலும் தோளிலும் ஐஸ் கட்டிகளை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஜெயிக்க என்ன விலை என்பது அன்றைக்குப் புரிந்தது என்பார். அடுத்த ஆண்டு அவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். 1984-இல் மூன்று தொடர்களை வென்று இறுதிக்கு வந்த ஐலேண்டர்ஸை ஐந்து ஆட்டங்களில் வீழ்த்தினார்கள். தொடர் வெற்றி பத்தொன்பதில் நின்றது.

1986-இல் ஆர்பர் பெஞ்சை விட்டு நிர்வாகப் பொறுப்புக்குப் போனார்.

இரண்டாம் முறை

1988 டிசம்பரில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். பழைய அணி கலைந்துவிட்டது. அந்தப் பருவம் லீக்கின் அடிமட்டத்தில் முடிந்தது. இந்த ஆறு ஆண்டுகளைப் பலர் பின்னிணைப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆர்பரின் திறமைக்கு உண்மையான சோதனை இதுதான் என்று நான் நினைக்கிறேன். பாஸியும் பொட்வினும் இல்லாமல் அவரால் என்ன முடியும் என்பதற்கு வேறு சான்று கிடையாது.

விடை 1993-இல் வந்தது. முதல் சுற்றில் வாஷிங்டனை வென்றார்கள். ஆனால் வெற்றியை உறுதிசெய்த கோலைப் போட்டுவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்த பியர் டர்ஜனை டேல் ஹண்டர் பின்னாலிருந்து இடித்துத் தோளைப் பெயர்த்துவிட்டார். ஐலேண்டர்ஸின் சிறந்த ஆட்டக்காரர் டர்ஜன். அடுத்த எதிரி பிட்ஸ்பர்க்: அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பை வாங்கிய அணி, பருவத்தில் 119 புள்ளிகள். ஐலேண்டர்ஸ் 1982-இல் படைத்திருந்த தொடர்ந்து 15 வெற்றிகள் என்ற சாதனையை அந்தப் பருவத்தில்தான் 17 ஆக்கி முறியடித்திருந்தது. பிட்ஸ்பர்க்கின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்காட்டி போமன். செயிண்ட் லூயிஸில் ஆர்பரைக் கேப்டனாக வைத்து ஆட்டுவித்து, முதன்முதலில் பயிற்சியாளராக்கிய அதே போமன்.

தொடர் ஏழு ஆட்டம் போனது. ஏழாவது பிட்ஸ்பர்க்கில், கூடுதல் நேரத்தில். கோல் அடித்தவர் டேவிட் வோலெக். அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களில் உட்கார வைக்கப்பட்டவர், பிளேஆஃபிலும் முதல் பட்டியலில் இல்லாதவர். 1980-இல் நிஸ்ட்ரம், 1993-இல் வோலெக். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான இரண்டு அணிகளில், ஆர்பர் நம்பி அனுப்பிய மூன்றாம், நான்காம் வரிசைக்காரர்கள்.

அடுத்த சுற்றில் மாண்ட்ரியாலிடம் தோற்றார்கள். 1994-இல் ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டங்களில் துடைத்தெறியப்பட்டபின் ஆர்பர் விடைபெற்றார். 1996-இல் ஹாக்கி புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரராக இல்லை, ஆட்டத்தைக் கட்டியெழுப்பியவர்களின் வரிசையில்.

அவர் காலமானது 2015 ஆகஸ்ட் 28, ஃபுளோரிடாவில், 82 வயதில். பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் கடைசி ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. 782 வெற்றிகள் என்ற கணக்கு அப்போது போமனுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் இருந்தது. ஐந்து மாதத்துக்குள் அதைத் தாண்டியவர் சிகாகோவின் ஜோயல் குவென்வில். அவரும் தடுப்பாட்டக்காரராக இருந்தவர்தான். 1961-இல் ஆர்பர் ஆடி வென்ற கோப்பைக்குப் பிறகு சிகாகோவுக்கு அடுத்த கோப்பை கிடைக்க 2010 வரை ஆயிற்று. அதை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் குவென்வில்.

இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. ஐலேண்டர்ஸ் பயிற்சியாளராக ஆர்பர் நடத்தியவை 1,499 ஆட்டங்கள். பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்த டெட் நோலன் அந்த எண்ணைக் கவனித்தார். ஒன்று குறைகிறதே என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. தன் இடத்தை ஓர் இரவுக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் ஆர்பரோடு ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 2007 நவம்பர் 3 அன்று, எழுபத்தைந்து வயது முடிந்து இரண்டு நாளான மனிதர் மீண்டும் நாசோ கொலிசியத்தின் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றார். எதிரணி சிட்னி கிராஸ்பியின் பிட்ஸ்பர்க். 1975-இலும் 1982-இலும் 1993-இலும் எதிரே நின்ற அதே பிட்ஸ்பர்க்.

ஐலேண்டர்ஸ் 3-2 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் கூரையிலிருந்து அவருடைய பதாகையை இறக்கினார்கள். அதில் 739 என்று எழுதியிருந்தது, அணிக்காக அவர் அதுவரை பெற்றிருந்த வெற்றிகள். அந்த எண் அன்றிரவோடு பழையதாகிவிட்டது. 1500 என்று எழுதிய புதிய பதாகையை மேலே ஏற்றினார்கள்.